வேலிக்குள்ள ஒரு வெள்ளைப் பூச்சி: காங்கேயம் பக்கம் ஆறு நாள்

முதல் நாள், வெள்ளிக்கிழமை ராத்திரி

சிங்காநல்லூர்ல பஸ் ஏறும்போது மணி ரெண்டு. பல்லடம் தாண்டி காங்கேயம் ரோட்ல விழுந்ததுமே ஜன்னல் காத்தே மாறிருச்சு, நேத்து ராத்திரி நல்ல மழை போல, ரோட்டோரக் காடெல்லாம் ஒரே பச்சை, பையன் அரைத்தூக்கத்துல "ஊர் வந்துருச்சாம்மா"ன்னு கேட்டுட்டே வந்தான். தீபாவளி முடிஞ்ச வாரம். ஆபீஸ்ல மூணு நாள் லீவு சொல்லி சனி ஞாயிறோட சேத்துக்கிட்டேன். போறது அம்மிச்சி (அம்மாவோட அம்மா) ஊருக்கு, காங்கேயத்துல இருந்து தாராபுரம் போற ரோட்ல எறங்கி உள்ளுக்கு ரெண்டு மைல் போவோணும்.

எதுக்குப் போறேன்னு முதல்லயே சொல்லிர்றேன். வெள்ளைப் பட்டாம்பூச்சி பாக்க. சின்ன வயசுல ஒவ்வொரு ஐப்பசிக்கும் அங்க கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) வேலியோரமா பொழுதுக்கும் வெள்ள வெள்ளையாப் பறந்துட்டே இருக்கும், யாரோ நோட்டுக் காயிதத்தைக் கிழிச்சுக் காத்துல விட்ட மாதிரி. நாங்க பாப்பாத்தின்னு சொல்லுவோம், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. இப்ப ரெண்டு வருஷமா கோயம்புத்தூர் சுத்துவட்டாரத்துல பட்டாம்பூச்சி போட்டோ எடுத்துட்டு அலையறேன், அப்பத்தான் அந்தப் பாப்பாத்திக்கு ஒரு பேர் இருக்குதுன்னே தெரிஞ்சுது. பயனியர். கேப்பர் ஒயிட்னும் சொல்றாங்க. அறிவியல் பேரு பெலினாய்ஸ் அரோட்டா, அதுல அரோட்டாங்கறது 1793ல ஃபேப்ரீசியஸ்ங்கற டென்மார்க்காரர் வச்சது. ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா, இலங்கைன்னு வறண்ட காடு எங்கெல்லாம் இருக்குதோ அங்கெல்லாம் இருக்கற பூச்சி, ஆனா எனக்கு அது அம்மிச்சி ஊட்டு வேலிப் பூச்சிதான். முட்டையில இருந்து ரெக்கை வரைக்கும் அதோட ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு தடவையாவது கண்ணால பாத்துரோணும், பையனுக்கும் காட்டிரோணும்னு வந்திருக்கறேன்.

சாப்பிடறப்ப மாமா ஒரு சேதி சொன்னாரு. திங்கக்கிழமை பொக்லைன் வருதாம், தெக்கால வேலியை மொத்தமா வாரிட்டு கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கப் போறாராம். "வேலி வெட்டிக் கட்ட ஆளு கெடைக்கறதில்லீம்முணி, பத்தடி அகலத்துக்கு நெலத்தைத் தின்னுட்டு நிக்குது, மயிலு வேற உள்ள குஞ்சு பொரிச்சுட்டு வெள்ளாமையக் கொத்துது"ன்னாரு. அவர் சொன்ன ஒவ்வொண்ணும் நெசந்தான், நான் என்ன சொல்றது. சோறு எறங்கல.

ரெண்டாம் நாள், சனிக்கிழமை

காலைல ஆறு மணிக்கே எந்திரிச்சு ஓடுனோம், ஒண்ணுமில்ல. வேலி முழுக்க சொட்டச் சொட்ட ஈரம். பட்டாம்பூச்சி சூரியன் சூடு ஏறுனாத்தான் பறக்கும், அது ஒடம்புல சொந்தமா சூடு கெடையாது, எனக்குத் தெரிஞ்ச விஷயந்தான், ஆனா ஆசை தூங்க உடல. எட்டே முக்காலுக்கு மேல ஒண்ணு ரெண்டா கெளம்பி ஒம்பதரைக்கெல்லாம் வேலி நெடுக வெள்ளை.

கொறங்காடு தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் சொல்றேன். எங்க பக்கம் மழை கம்மி, வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் சொச்சந்தான். அதனால காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கமெல்லாம் காட்டை உழுது வெதைக்காம மேய்ச்சலுக்குன்னே உட்டு வச்சிருப்பாங்க. கீழ கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேலாமரம், சுத்தியும் கிளுவை வேலி. கிளுவைப் போத்தை ஒடிச்சு வரிசையா நட்டாப் போதும், தானா வேர் புடிச்சு முள்ளோட ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கும், ஆடு மாடு தாண்டாது. நட்டது கிளுவை மட்டுந்தான். ஆனா அம்பது அறுவது வருசம் நின்ன வேலிக்குள்ள பாத்தீங்கன்னா கோவைக்கொடி, பெரண்டை, வேலிப்பருத்தி, சங்கஞ்செடி, விழுதி, தொரட்டி, ஆதொண்டைன்னு ஒரு காடே குடியிருக்கும், எதையும் யாரும் நடல, குருவி போட்ட வெதை. பயனியருக்கு வேணுங்கறது அந்தக் கடைசிப் பேருங்கதான், ஆதொண்டையும் தொரட்டியும். கேப்பர்னு வெளிநாட்டுல ஊறுகா போட்டு பீட்சா மேல தூவறாங்கல்ல, அந்தக் குடும்பத்துச் செடி.

இப்பப் பூச்சி எப்படி இருக்கும்னு சொல்லோணும், ஏன்னா வேலியில பறக்கற வெள்ளையெல்லாம் பயனியர் இல்ல. ரெக்கையை விரிச்சா நாலு சென்டிமீட்டர்ல இருந்து அஞ்சரை சென்டிமீட்டர் வரைக்கும். ஆம்பளப் பூச்சி மேல பால் வெள்ளை, முன்ரெக்கை நுனியும் ஓரமும் கறுப்பு, அந்தக் கறுப்புக்குள்ள வெள்ளைப் பொட்டு வரிசை. இதே மாதிரி காமன் கல்னு இன்னொண்ணு இதே வேலியில இதே செடியத் தின்னு வளருது, பறக்கறப்பப் பாத்தா ரெண்டும் ஒண்ணாட்டத்தான் தெரியும், நான் ஒரு வருசம் ரெண்டையும் மாத்தி மாத்தி எழுதி வச்சிருந்தேன். பயனியர்ல முன்ரெக்கையோட மேல் ஓரத்துல இருந்து ஒரு கறுப்புப் பட்டை வளைஞ்சு நடு ரெக்கைக்குள்ள எறங்கும், தொரட்டிக் கோலோட கொக்கி மாதிரி. அந்தக் கொக்கி இருந்தா பயனியர். ரெக்கையை மூடி உக்காந்துச்சுன்னா இன்னும் சுலுவு, பின்ரெக்கை அடிப்பக்கம் ஒவ்வொரு நரம்பும் கறுப்பு மையில கோடு போட்ட மாதிரி, நடுவுல வெளிர் மஞ்சள். பொம்பளப் பூச்சிக்கு கறுப்பு இன்னும் தூக்கலா, ஓரமெல்லாம் பொகை புடிச்ச மாதிரி இருக்கும். மழைக்காலத்துப் பூச்சிக்கு கறுப்பு ஜாஸ்தி, கோடைக்கு வர்றது வெளுப்பு.

பதினோரு மணி வாக்குல ஒரு பொம்பளப் பூச்சி முட்டை வைக்கறதைப் பாத்தோம். இதை அவசரமில்லாமச் சொல்லோணும்.

அது பூவுக்குப் பறக்கற மாதிரி பறக்கல. வேலியத் தடவிட்டே மெதுவாப் போச்சு, கிளுவை மேல உக்காந்துச்சு, ஒடனே எந்திரிச்சுச்சு, கோவை மேல உக்காந்துச்சு, எந்திரிச்சுச்சு. ஒவ்வொரு எலையிலயும் முன்னங்காலால டப டபன்னு தட்டிப் பாக்குது. பட்டாம்பூச்சிக்கு ருசி தெரியறது கால்ல, நல்லா பாத்தீங்கன்னா இந்த வெள்ளைக் குடும்பத்துக்கு ஆறு காலும் முழுசா வேலை செய்யும், வேற பல பட்டாம்பூச்சிக்கு முன்னங்கால் ரெண்டும் சூம்பிப் போயிருக்கும். ஆதொண்டைத் தளிரு மேல கால் பட்டதும் அதோட பதட்டம் நின்னுருச்சு. வயித்தை வளைச்சுட்டு எலை மேல ஒண்ணு வச்சுது. நகந்துச்சு, பக்கத்துல இன்னொண்ணு. லென்ஸ் வச்சுப் பாத்தா வெளிர் மஞ்சள், நெல்லு மணிய நட்டுக்குத்தலா நிறுத்துன மாதிரி, மேல இருந்து கீழ வரைக்கும் நெளி நெளியா வரி. பையன் மூச்சுக் கூட உடாம எண்ணுனான், இருவத்தி ஏழு. அதுக்குள்ள ஒரு ஆம்பள வந்து மேல விழுந்துச்சு, பொம்பள ரெக்கையை அகல விரிச்சு வயித்துப் பக்கத்தை மேல தூக்கி நட்டுக்கிச்சு, எனக்கு சோடி ஆயிருச்சு போடாங்கற மாதிரி. இது வெள்ளைக் குடும்பத்துப் பொம்பளைங்க பலதுக்கும் இருக்கற பழக்கம். ஆம்பள ரெண்டு சுத்து சுத்திட்டுப் போயிருச்சு.

சாயந்தரம் கட்டுத்தறிக்கிட்ட பையன் கத்துனான். கல்லுக்கால்ல இடுப்பு ஒசரத்துல ஒரு கூட்டுப்புழு. வேலி அங்கிருந்து பதினஞ்சு அடி, புழுவா நடந்தே வந்து ஏறியிருக்குது. வால் நுனியில நூல் மெத்தை, இடுப்புல ஒரு நூல் கயிறு, தென்னை ஏர்றவங்க இடுப்புக் கயிறு போட்டுட்டு சாஞ்சு நிப்பாங்கல்ல அந்த மாதிரியே. வெளுப்பு ஒடம்புல கறும்புள்ளி, தலையில ஒரே ஒரு கூர் முனை. அதைத் தொடவே கூடாதுன்னு சொல்லி வச்சேன். அம்மிச்சி கன்னுக்குட்டியக் கட்ட வந்தப்ப, எங்க பையன் கையை விரிச்சுட்டு கல்லை மறைச்சு நின்னுட்டான்.

மூணாம் நாள், ஞாயித்துக்கிழமை

மழை. காலைல இருந்து நசநசன்னு விட்டபாடில்ல. காடு போவ முடியல.

அம்மிச்சி ஆதொண்டங்காய் வத்தல் எடுத்து கொழம்பு வச்சுது. மோருல ஊறப் போட்டு வெயில்ல காய வச்ச வத்தல், எண்ணெயில பொரிக்கறப்ப வர்ற அந்த வாசமும், அடித்தொண்டையில நிக்கற அந்தக் கசப்பும் எனக்கு ஏழு வயசுல இருந்து பழக்கம். அந்தக் கசப்புக்கும் எங்க பூச்சிக்கும் சம்பந்தம் இருக்குது. கடுகு, முள்ளங்கி, முட்டைகோஸ், ஆதொண்டை எல்லாத்துக்குள்ளயும் ஒரே வகை சரக்கு இருக்குதுங்க, குளுக்கோசினோலேட்னு பேரு. எலை முழுசா இருக்கற வரைக்கும் அது சும்மா கெடக்கும். ஏதாவது ஒண்ணு கடிச்சா, எலைக்குள்ளயே தனியா வச்சிருக்கற ஒரு நொதி வந்து அதோட கலந்து சுருக்குன்னு காரம் கெளம்பிரும், கடுகை அரைச்சா மூக்குல ஏறுதே அதே காரம். சாதாரண புழுவுக்கு அது வெஷம். இந்த வெள்ளைக் குடும்பத்துப் புழுவுங்க வயித்துல மட்டும் அந்தக் காரத்தை வராமத் திருப்பி வேற ஒண்ணா மாத்தி உட்டுர்ற புரதம் இருக்குது. செடி, நம்மள யாரும் தொடக்கூடாதுன்னு வச்சிருக்கற காவலையே தாய்ப்பூச்சி அடையாளமா எடுத்துக்குது. நேத்து அது காலால தட்டித் தட்டிப் பாத்துச்சே, அந்தச் சரக்கைத்தான் தேடிட்டு இருந்துச்சு. அம்மிச்சிகிட்ட இதைச் சொன்னேன். "அப்பறம்? கசப்புத் தெரிஞ்சுதான தாயி வத்தல் போடறோம்"னு சொல்லிட்டு இன்னும் ரெண்டு வத்தல் வச்சுது.

மத்தியானம் மாமா மக வந்திருந்தா, அஞ்சு மாசம். அவ மாத்திரை டப்பாவுல ஃபோலிக் ஆசிட் இருந்துச்சு. நான் அதைக் கையில எடுத்து வச்சுட்டு ஒரு விஷயம் சொன்னேன், யாரும் நம்பல, ஆனா நெசம். இந்தப் பட்டாம்பூச்சி ரெக்கையில இருக்கற வெள்ளை, வெறும் வெளிச்சம் செதறி வர்ற வெள்ளை மட்டும் இல்ல. அந்தச் செதில் பொடியில டெரின்னு ஒரு வகை சாயம் இருக்குது. இங்கிலாந்துல ஹாப்கின்ஸ்னு ஒருத்தர், பின்னால 1929ல வைட்டமினுக்காக நோபல் வாங்குனவரு, அவரு 1895லயே இந்த வெள்ளைக் குடும்பத்துப் பட்டாம்பூச்சிங்க ரெக்கைச் சாயத்தைத்தான் கொடஞ்சுட்டு இருந்தாரு. டெரின்ங்கற பேரே ரெக்கைக்கான கிரேக்கச் சொல்லுல இருந்து வந்ததுதான். அந்த டெரின் ஒரு துண்டு ஃபோலிக் ஆசிட்டுக்குள்ளயும் இருக்குது. வேலியில பறக்கற பாப்பாத்தி ரெக்கைக்கும் மாசமா இருக்கற புள்ளைக்குக் குடுக்கற மாத்திரைக்கும் உள்ள ஒரே குடும்பத்துச் சரக்கு. மாமா மக டப்பாவத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தா.

நாலு மணிக்கு மழை உட்டுச்சு, கொடையோட ஒரு எட்டுப் போய்ப் பாத்தோம். முட்டை இருவத்தி ஏழும் அப்படியே இருக்குது, மஞ்சள் மட்டும் கொஞ்சம் கெட்டியான மாதிரி இருந்துச்சு.

நாலாம் நாள், திங்கக்கிழமை

பொக்லைன் வரல. மண்ணு ஈரம், சக்கரம் எறங்கிரும், வியாழக்கிழமை வர்றேன்னு டிரைவர் போன்ல சொல்லிட்டாரு. மழைக்கு நான் இவ்ளோ நன்றி சொன்னதில்ல.

மாமா டிவிஎஸ்ஸை வாங்கிட்டு பையனைப் பின்னால வச்சு மூலனூர் வரைக்கும் போயிட்டு வந்தேன். வழி நெடுக வேலிதான் பாத்தேன். கிளுவை வேலி வர்ற எடத்துல வண்டிய நிறுத்துனா அஞ்சு நிமிசத்துக்குள்ள ஏதாவது ஒரு வெள்ளை வந்துரும். கம்பி வேலி வர்ற எடத்துல கால் மணி நேரம் நின்னாலும் ஒண்ணும் கெடையாது. அந்தக் கம்பி வேலிக்கு உள்ளயும் அதே புல்லு, அதே வெள்வேலாமரம். வேலியில இருந்த செடி மட்டுந்தான் இல்ல.

ஒரு நல்ல பழைய வேலியில ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னுட்டோம், கெளம்ப மனசே வரல. சங்கஞ்செடி மேல சால்மன் அரப், மீன் சதை நெறத்துல ஒரு சின்னப் பூச்சி, கறுப்பு ஓரம், அதுக்கு சங்கஞ்செடியும் உகா மரமுந்தான் ஆகாரம். விழுதிப் பக்கம் கிரிம்சன் டிப், வெள்ளை ரெக்கை நுனியில குங்குமத்துல தொட்டு வச்ச மாதிரி செவப்பு, அது பறக்கறப்ப அந்தச் செவப்பு மட்டும் மின்னி மின்னி மறையுது, பையன் அதுக்கு பொட்டு வச்ச பூச்சின்னு பேரு வச்சுட்டான். தரையோட தரையா, ஒரு அடிக்கு மேல எந்திரிக்காம, விழுந்துருமோன்னு நெனைக்கற மாதிரி தத்தித் தத்திப் பறந்துட்டு இருந்தது சைக்கி, வெள்ளை ரெக்கையில ஒரே ஒரு கறும்பொட்டு. எல்லாமே வெள்ளைக் குடும்பந்தான், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிச் செடி, தனித்தனி ஒசரம், ஒரே வேலி.

அங்க ஆடு மேய்ச்சுட்டு இருந்த அய்யன் ஒருத்தர் எங்களையே பாத்துட்டு இருந்தாரு.

"என்ன கண்ணு தேடறீங்க, ஏதாச்சும் தொலைச்சுட்டீங்களா?"

"இல்லீங்கய்யா, இந்த வெள்ளப் பூச்சி பாக்கறோமுங்க."

"இதா? நல்ல மழை பேஞ்ச வருசம் ஆயிரக்கணக்குல போவும் சாமி. ஒரே தெசையில. வேலியத் தாண்டி, ரோட்டத் தாண்டி, எங்கயும் உக்காராம. நான் சின்னப் பையனா இருக்கறப்ப ஆட்டை உட்டுட்டு அதும் பின்னாலயே ஓடியிருக்கறேன்."

அவர் சொன்னது எனக்கு சிலிர்த்துருச்சு, ஏன்னா பயனியர் வலசை போற பூச்சி. தென்னாப்பிரிக்காவுல இதே பூச்சி டிசம்பர், ஜனவரியில வறண்ட மேக்குப் பக்கத்துல இருந்து பெருங்கூட்டமா கெளம்பி வடகிழக்கால ஜோகன்னஸ்பர்க் ஊரையே தாண்டிப் போவும், அன்னிக்கு ஊர்ல எல்லாரும் வாசல்ல நின்னு பாப்பாங்க. மழை நல்லா பேஞ்சு செடி தளிர்த்து, புழு பெருத்து, தின்னு தீர்த்து, அப்பறம் அடுத்த தளிரைத் தேடிக் கெளம்பறது. இவரு எந்த வலசைக் கதையும் படிச்சவரு இல்ல, பின்னாலயே ஓடுனவரு. அவர் ஓடுன தெசை எதுன்னு கேட்டேன், கையை நீட்டித் தெக்கால காட்டுனாரு.

திரும்பி வர்றப்ப பையன் கேட்டான், நம்ம மாநிலப் பட்டாம்பூச்சி இதுதானான்னு. இல்லடா, அது தமிழ் மறவன், 2019ல அறிவிச்சாங்க, ஆரஞ்சு நெறம், மலைக்காட்டுல இருக்கும்னேன். "அப்ப நம்ம ஊருக்கு இதை வச்சுக்கலாம்"னான்.

அஞ்சாம் நாள், செவ்வாக்கிழமை

இன்னிக்கு மாமாவையும் வேலிக்குக் கூட்டிட்டுப் போனேன். வர மாட்டேன்னுதான் சொன்னாரு, பையன் கையைப் புடிச்சு "அப்புச்சி வாங்க, ஒரே ஒரு தடவை"ன்னு இழுத்துட்டு வந்துட்டான்.

முதல்ல முட்டையக் காட்டுனேன். இருவத்தி ஏழுல பாதிக்கு மேல வெடிச்சு, ஒவ்வொரு புழுவும் தான் வந்த முட்டை ஓட்டையே மொதச் சாப்பாடாத் தின்னுட்டு இருந்துச்சு. மயிர் அளவு. அதுக்கு ஒரு முழம் தள்ளி இன்னொரு கெளையில வேற ஒரு தாய் வச்ச கூட்டம், வளந்த புழுவுங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டு ஒரே எலை ஓரத்துல வரிசையா நின்னு தின்னுட்டு இருந்துச்சு, பந்தியில உக்காந்த மாதிரி. பச்சை ஒடம்பு, ரெண்டு பக்கமும் நீளவாக்குல கருங்கோடு, கறுத்த தலை, மேலெல்லாம் பூனைமுடி. நாலு தடவை தோலை உரிச்சு உரிச்சுப் பெருசாயி, அஞ்சாவது தடவை தோலை உரிச்சா அது புழு இல்ல, கூட்டுப்புழு. மாமா லென்ஸை வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு. "எலைய அரைக்கற சத்தம் கேக்குமாட்ட இருக்குது"ன்னாரு.

"நம்ம காங்கேயங் கன்னு மாதிரித்தானுங் மாமா, பொறக்கறப்ப செவலையாப் பொறக்குது, ஆறு மாசத்துல மயிலையாயிருது, ஆனா ரெண்டும் ஒரே மாடுதான"ன்னேன். சிரிச்சாரு. மாட்டுக்காரருக்கு மாட்டை வச்சுத்தான் சொல்லோணும்.

ஒரு புழு மட்டும் தனியா, தின்னாம, அசையாம இருந்துச்சு. அதோட ஒடம்பைச் சுத்தி அரிசிக் குருணை மாதிரி சின்னச் சின்னக் கூடுங்க, மஞ்ச வெள்ளையா. கொசு அளவு குளவி ஒண்ணு புழுவுக்குள்ள முட்டை வச்சுட்டுப் போயிருக்குது, அதோட குஞ்சுங்க உள்ளயே வளந்து தோலைத் தொளைச்சுட்டு வெளிய வந்து கூடு கட்டியிருக்குது. புழு இன்னும் உசுரோடதான் இருந்துச்சு. பையன் மொகம் வாடிருச்சு, அந்தக் கூட்டைப் பிச்சுப் போட்டர்லாமான்னு கேட்டான். வேண்டாம்னேன். எல்லா முட்டையும் பூச்சியானா ஒரே மாசத்துல ஆதொண்டை ஒரு எலை இல்லாம நிக்கும், அப்பறம் பூச்சியும் இல்ல, நம்ம வத்தலும் இல்லடா. அவன் கேட்டுக்கிட்டான், ஆனாலும் வேலியை உட்டு வர்றப்ப அந்தப் புழுவைத் திரும்பித் திரும்பிப் பாத்தான், நானுந்தான்.

நெழல்ல உக்காந்து தண்ணி குடிக்கறப்ப மாமா தானாவே கேட்டாரு.

"இந்த ஆதொண்டை ஒண்ண மட்டும் உட்டா பத்தாதா?"

"அது தானா நிக்காதுங் மாமா, கொடி, புடிச்சு ஏற கிளுவை வேணும். பொறவு பூச்சிக்குத் தேன் குடிக்கப் பூவு வேணும், காத்துக்கு ஒதுங்க எடம் வேணும். ஆடி மாசக் காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா எப்புடி அடிக்கும்னு உங்களுக்குத் தெரியாததா."

பேசாம இருந்தாரு. வேலிய ஒரு கடைசியில இருந்து மறு கடைசி வரைக்கும் நடந்து பாத்தாரு. திரும்பி வந்து, "ரோட்டுப் பக்கம் கம்பி போட்டுத்தான் ஆவோணும் அம்முணி, திருட்டு பயம். கட்டுத்தறிக்கு மேக்கால இருந்து அந்தப் பெரிய வெள்வேலாமரம் வரைக்கும் உட்டர்லாம். ஆனா ஓட்டறவனுக்கு எதுன்னு தெரியோணுமே, நான் அன்னிக்கு சந்தைக்குப் போயிருவேன்"னாரு.

அம்மிச்சி ஒரு பழைய சேலைய எடுத்துக் குடுத்துச்சு, பாக்கு கலர்ல சுங்குடி. நானும் பையனும் அதை நாலு வெரல் அகலத்துக்குக் கிழிச்சு அந்த நீளத்துக்கும் கிளுவைக் கெளையில முடி போட்டுட்டே போனோம். ஆதொண்டை முள்ளு ரெண்டு ரெண்டா கீழ பாத்து வளைஞ்ச கொக்கி, கையை உள்ள உட்டா வெளிய எடுக்க உடாது, என்ற புறங்கை முழுக்கக் கீறல். மரத்துல இருந்து கட்டுத்தறி வரைக்கும் எழுவத்தி ரெண்டு எட்டு.

பொழுதோட கட்டுத்தறிக்கு வந்தா, கல்லுக்கால் கூட்டுப்புழு கறுத்திருந்துச்சு. பையன் செத்துப் போச்சுன்னு பயந்துட்டான். டார்ச் அடிச்சு லென்ஸ் வச்சுக் காட்டுனேன், கறுத்தது இல்ல, தோலு கண்ணாடியாட்ட ஆயி உள்ள மடிஞ்சிருக்கற ரெக்கையோட கறுப்பு ஓரமும் அதுக்குள்ள வெள்ளைப் பொட்டும் அப்படியே தெரியுது, தபால்தலை அளவுகூட இல்ல. நாளைக்குக் காலைல வெளிய வரும்.

ஆறாம் நாள், புதன்கெழமை

அஞ்சரைக்கே கல்லுக்காலுக்கு முன்னால பாயைப் போட்டு உக்காந்தாச்சு. அம்மிச்சி வரக்காப்பி கொண்டாந்து குடுத்துட்டு அதுவும் பக்கத்துல உக்காந்துச்சு.

ஏழு மணி இருவது நிமிசம். தலைப் பக்கம் ஒரு கீறல் உட்டுச்சு, சத்தமே இல்ல. மொதல்ல காலு வந்துச்சு, கல்லைத் தேடித் துழாவுது, புடிச்சுது, ஒரே இழுவையில மொத்த ஒடம்பும் வெளிய. ரெக்கை இருக்கற எடத்துல ஈரத் துணியக் கசக்கி வச்ச மாதிரி நாலு மடிப்பு, அவ்வளவுதான். வெத்துக்கூட்டையே புடிச்சுத் தொங்குச்சு. வயிறு ஏறி ஏறி எறங்குது, ஒடம்புல இருக்கற தண்ணிய ரெக்கை நரம்புக்குள்ள தள்ளுது, பாத்துட்டே இருக்கறப்ப மடிப்பு ஒவ்வொண்ணா நீங்குது, மொதல்ல நரம்புக் கோடு, அப்பறம் கறுப்பு ஓரம், அப்பறம் அந்தக் கொக்கி. உறிஞ்சுகுழல் வர்றப்ப ரெண்டா பிரிஞ்சுதான் இருந்துச்சு, அதைச் சுருட்டி நீட்டி, சுருட்டி நீட்டி ஒண்ணா ஒட்ட வச்சுக்கிச்சு, ஜிப்பு போடற மாதிரியே. ஒட்டலைன்னா அது தேன் குடிக்க முடியாது. வால் பக்கத்துல இருந்து செந்நெறமா ஒரு சொட்டு விழுந்துச்சு, பையன் ரத்தம்னு நெனைச்சான், கூட்டுக்குள்ள இருந்தப்பச் சேந்த கழிவுதான் அது.

ரெக்கை முழுசா விரிய கால் மணி நேரங்கூட ஆகல. ஆனா அது காஞ்சு வெறைக்க ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆவும். பொம்பளப் பூச்சி. ஓரமெல்லாம் பொகை நெறம், கீழ மஞ்சள்.

எங்களுக்கு எட்டரைக்கு பஸ். பையன் அசைய மாட்டேன்னுட்டான், அது பறக்கறதைப் பாக்காம வர மாட்டேன்னு அழுகையே வந்துருச்சு, அடுத்த பஸ்ஸுக்குப் போனா மத்தியானம் எனக்கு ஆபீஸ் இருக்குது, வேற வழியில்லாம இழுத்துட்டு வந்தேன். அம்மிச்சி, "நீ போ சாமி, நான் பாத்துக்கறேன், கோழி வராமப் பாத்துக்கறேன்"னு சொல்லி கையில ஒரு குச்சியோட பாயில உக்காந்துச்சு. மாமா டிவிஎஸ்ல எங்களை ரோடு வரைக்கும் கொண்டாந்து உட்டாரு. போற வழியில தெக்கால வேலியில பாக்குக் கலர் துணியெல்லாம் காத்துல ஆடிட்டு இருந்துச்சு.

பொழுதோட ஊடு வந்து அம்மிச்சிக்குப் போன் போட்டோம். பையன் எங்கிட்ட இருந்து போனைப் புடுங்கிக்கிட்டான், ஸ்பீக்கர்ல போட்டான்.

"பத்து மணி இருக்கும் சாமி. ரெக்கைய ரெண்டு தடவை அப்புடி இப்புடி ஆட்டிப் பாத்துச்சு. கட்டுத்தறிய ஒரு சுத்துச் சுத்திட்டு வேலிக்குப் போயிருச்சு."

"எந்தப் பக்கம் பெரியம்மிச்சி?"

"துணி கட்டுனீங்களே, அந்தப் பக்கந்தான். அந்த வெத்துக்கூட்டை எடுத்து தீப்பெட்டியில பஞ்சு போட்டு அட்டாலி மேல வச்சிருக்கறேன், பொங்கலுக்கு வர்றப்ப எடுத்துக்க."